குறை சொல்லி வாங்கிய பலகை

வியாபாரக் குடும்பத்தில் பிள்ளைக்கு நடை பழகுவதற்கு முன்பே இரண்டு பாடங்களைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வாங்கும்போது சரக்கைப் புகழாதே. விற்கும்போது 'இல்லை' என்று சொல்லாதே.

ஷரபுதீன் இந்த இரண்டையும் தொழுகைக்கு அடுத்தபடியாகக் கடைப்பிடிப்பவர். ஈப்போ பழைய டவுனில் இருக்கும் அவருடைய நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு வந்து, "மீன் தலை இருக்கா பாய்?" என்று யாராவது கேட்டால், சட்டி துடைத்துக் கவிழ்த்தாகியிருந்தாலும் 'இல்லை' என்ற சொல் அவர் வாயில் வராது.

"இன்னிக்குக் கோழி ரொம்ப நல்லா இருக்கு, வாங்க வாங்க" என்பார்.

வாடிக்கையாளர்களும் பழகிவிட்டார்கள். பாய் கோழியைப் பற்றிப் பேசினால் மீன் தீர்ந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை காலை, கடைக்கு மேலே இருக்கும் வீட்டில், மருமகள் நூருல் ஹுதா அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். ஒரு மடக்குக் குடித்தார்.

"என்னாம்மா இது? டீயா, மங்கு கழுவுன தண்ணியா?"

ஹுதாவுக்கு இது புதிதில்லை. கல்யாணமாகி பாகான் செராயிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் இதே கேள்விதான். அவள் சமையலறைக்குத் திரும்பிப் போன பிறகு, அவர் டம்ளரைச் சாய்த்து அடியில் கிடந்த சீனி வரைக்கும் குடித்ததை அவள் பார்க்கவில்லை. அதுதான் இந்தக் குடும்பத்தின் கஷ்டம். பார்க்க வேண்டியவர்கள் எப்போதும் திரும்பிக்கொண்டு இருப்பார்கள்.

எல்லாம் போன மாதம் ஆரம்பித்தது. ஹுதா வேலை பார்க்கும் கோலாலம்பூர் இன்ஷூரன்ஸ் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்குப் புதுச் சட்டம் போட்டது. தனி அறை வேண்டும், நிலையான மேசை வேண்டும், திங்கட்கிழமை காலை வீடியோவில் காட்ட வேண்டும். முடியாதவர்கள் கோலாலம்பூருக்கே வந்துவிட வேண்டியது. அதுவரை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் ஹுதா கூட்டங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு கூட்டத்தில், மேலதிகாரி பேசிக்கொண்டிருந்தபோது, அவளுக்குப் பின்னால் மாமியார் லத்தீபா ஒரு அண்டா ஆட்டுக் குழம்பைத் தூக்கிக்கொண்டு சாவகாசமாகக் கடந்து போனார். சட்டம் வந்ததற்கு அந்த அண்டாதான் காரணம் என்று ஹுதா இன்னும் நம்புகிறாள்.

முன்னறையை ஒழித்தார்கள். அது மகள் ஹஃபீஸாவின் அறை. அவள் கல்யாணமாகித் தெலுக் இந்தானுக்குப் போனதிலிருந்து பாஸ்மதி மூட்டைகள்தான் அங்கே குடியிருந்தன. மூட்டைகளைக் கீழே இறக்கி, கட்டிலைப் பக்கத்துத் தொழுகைக்கூடமான சூராவுக்குக் கொடுத்தார்கள். ஹஃபீஸாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

பழைய கடைவீட்டின் சுவர் எது நேராக இருந்தது? ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம், மூலையில் துருத்திக்கொண்டு ஒரு தூண். கடையில் விற்கும் எந்த மேசையும் அதற்குள் உட்காராது. செம்மோர் பக்கம் மரவேலைப் பட்டறை வைத்திருக்கும் பாஸ்கல் வந்து, அட்டையை வெட்டி வெட்டிச் சுவரோடு ஒட்டிப் பார்த்து அச்சு எடுத்துக்கொண்டு போனார். சுவருக்குச் சுவர், ஜன்னலுக்குக் கீழே, ஒரே பலகை.

இன்று அதை எடுத்து வரும் நாள். ஹுதாவின் கணவன் நிஹால் கோலா கங்சாரில் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு விடியலிலேயே போய்விட்டான். ஆகவே மாமனாரும் மருமகளும் வேனில் கிளம்பினார்கள்.

வாசலில் லத்தீபா கணவரின் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"மத்தியானத்துக்குள்ள பலகை வீட்டுக்கு வரணும். திங்கக்கிழமை அந்தப் பிள்ளை மேசையைக் காட்டலன்னா கே.எல். போவா. அவ போனா நம்ம பையனும் போவான். அப்புறம் நீங்களும் நானும் மூஞ்சிய மூஞ்சிய பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். உங்க மூஞ்சிய நான் போதுமான அளவு பார்த்தாச்சு."

"எனக்குத் தெரியாதாலா? நீ போ."

தெரியும். இரண்டு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதை யாரிடம் சொல்வார்? சொன்னால் விலை ஏறிவிடும்.

வேன் ஜெலாப்பாங்கைத் தாண்டியதும் அவர் பாடத்தை ஆரம்பித்தார்.

"இங்க பாரும்மா. பட்டறையில நீ வாயைத் திறக்கக் கூடாது. பலகை நல்லா இருந்தாலும் சிரிச்சிடாதே. சிரிப்பு வெளிய வந்தா காசு வெளிய போகும்."

"சரி மாமா."

"பாகான் செராய் ஆளுங்களுக்கு மூஞ்சியில கதவே கிடையாது. எல்லாம் வெளிய தெரியும்."

"சரி மாமா."

அதற்குப் பிறகு ஹுதா சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் மனசில் ஓடியது வேறு. இந்த வீட்டை விட்டுப் போக அவளுக்கு விருப்பமில்லை. மாமியின் சத்தம், கீழே பிராட்டா தட்டும் சத்தம், ஐந்தடி நடைபாதையில் நடக்கும் சண்டைகள், எல்லாம் அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் தன்னை வேண்டாம் என்று நினைக்கும் ஒருவர் வீட்டில் சுவருக்குச் சுவர் பலகை அடித்து உட்கார்ந்துகொள்வது நியாயமா?

பட்டறை ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்துக் கொட்டகையில் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் பாதி போய் வீடமைப்பு வந்துகொண்டிருக்க, கொட்டகை மட்டும் தகரத்தை மாற்றிக்கொண்டு நின்றது. பாஸ்கல் அதே தோட்டத்தில் பிறந்தவர். ஐம்பது வயது, மரத்தூள் புருவத்தில்கூட இருக்கும். அவர் மனைவி எல்ஸி ஓரமாக ஒரு மேசையில் உட்கார்ந்து ஆர்டர்களைக் கவனிப்பவர்.

"வாங்கண்ணே. வாம்மா. ரெடியா இருக்கு" என்று பாஸ்கல் போர்வையை இழுத்தார்.

ஹுதா தலையில் போட்டிருந்த துணியின் முனையைச் சட்டென்று பல்லில் கடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் சிரிப்பு வந்திருக்கும்.

தேன் நிறத்தில் நீளமாகக் கிடந்தது பலகை. நடுவில் கருப்பட்டி நிறத்தில் ஒரு ஓட்டம், ஆற்றில் படகு போன தடம் மாதிரி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. பின் ஓரம் அவர்கள் வீட்டுச் சுவரின் கோணலை அப்படியே கோணலாக வாங்கியிருந்தது. மூலையில் தூணுக்கான வளைவு. முன் ஓரம் முழுவதும் கையை வைத்தால் வழுக்கும்படி உருட்டி விட்டிருந்தது.

ஷரபுதீன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பலகையைச் சுற்றி வந்தார். முகத்தில் பல்வலிக்காரனின் களை.

"என்னா மரம் தம்பி இது?"

"தூங்குமூஞ்சி மரம்ணே. அன்னிக்கே சொன்னேனே. தோட்டத்து ஆபீஸ் முன்னுக்கு நின்னுச்சு, புயல்ல சாஞ்சுச்சு. நான்தான் அறுத்துக் காய வெச்சேன்."

"வேலை செய்யற மேசைக்குத் தூங்குமூஞ்சி மரமா? உட்கார்ந்தா கொட்டாவி வராது?"

"மலாய்க்காரங்க இதைப் புக்குல் லீமான்னு, அஞ்சு மணி மரம்னு சொல்வாங்கண்ணே. அஞ்சு மணியானா இலையை மூடிக்கும். ஆபீஸும் அஞ்சு மணிக்குத்தானே மூடணும்?"

எல்ஸி சிரித்தார். ஷரபுதீனுக்கும் வந்தது. இருமலாக மாற்றிக்கொண்டார்.

"இங்க ஒரு முடிச்சு இருக்கே."

"ஆமாண்ணே."

"கலரு ஒண்ணா இல்ல. இந்தப் பக்கம் வெளுப்பு, அந்தப் பக்கம் கறுப்பு. நடுவுல என்னா, யாரோ காப்பி ஊத்துன மாதிரி?"

"அது மரத்தோட ஓட்டம்ணே."

"கனமும் கொஞ்சம் கம்மியா தெரியுது. மூலை வளைவு வேற, எலி கடிச்ச மாதிரி."

பாஸ்கல் ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்தார். முடிச்சைக் கட்டை விரலால் தடவினார். மூலையைக் குனிந்து பார்த்தார். ஷரபுதீனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆள் இளகுகிறான். அடுத்தது விலைதான்.

பாஸ்கல் நிமிர்ந்தார்.

"அண்ணே சொல்றது சரிதான். முடிச்சு இருக்கு. கலரு ஒண்ணா இல்ல. அது மரத்தோட பிறவி, என்னால மாத்த முடியாது. பிடிக்காத பொருளை ஒரு வீட்டுல கொண்டுபோய் மாட்டுனா தினம் பார்த்து வருத்தப்படுவீங்க. அட்வான்ஸைத் திருப்பித் தந்துடறேன். டவுன்ல காப்பிக் கடை வைக்கிற ஒரு டவுக்கே, முதலாளி, இதைக் கேட்டுக்கிட்டே இருக்காரு."

ஷரபுதீனின் கண் மின்னியது.

அடேயப்பா! 'வேறொருத்தர் கேட்கிறார்.' பேரத்தில் பாட்டன் காலத்து அம்பு. தோட்டத்து ஆள், சாது என்று நினைத்தோமே, பார்த்தால் நம்மை விடக் கெட்டிக்காரனாக இருக்கிறான். அவருக்குப் பாஸ்கல் மேல் மரியாதையே வந்துவிட்டது. இதற்குப் பதில் அம்பு அவரிடம் இருந்தது.

"அப்படியா? அப்ப டவுக்கேக்கே குடுத்துடுலா. நான் வாரேன்."

திரும்பி நடந்தார்.

நடப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. வேகமாகப் போனால் கோபம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். மெதுவாகப் போனால் நடிப்பு என்று தெரிந்துவிடும். மழை வருமா என்று பார்ப்பவன் மாதிரி போக வேண்டும். கை வேன் கதவில் படும் நேரத்தில் பின்னாலிருந்து "பாய், நில்லுங்க" என்று குரல் வரும். இப்படி நடந்தே அவர் கம்பளம் வாங்கியிருக்கிறார், குர்பானி ஆடு வாங்கியிருக்கிறார், இப்போது நிற்கும் இந்த வேனையும் வாங்கியிருக்கிறார்.

கை கதவில் பட்டது. குரல் வரவில்லை.

சாவியைத் தேடினார். கீழே போட்டார். பொறுக்கினார். டயரை உதைத்துப் பார்த்தார். பக்கத்து டயரையும் உதைத்தார்.

வேனின் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பாஸ்கல் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா டவுக்கே, இப்ப வேணும்னா எடுத்துக்கலாம். தூணுக்காக வெட்டுன மூலையை மட்டும் நேரா அறுத்துடறேன்." பேசி முடித்து, அளவுகோலை மூலையில் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தார்.

அது அம்பு இல்லை. அந்த மனிதருக்கு அம்பு விடவே தெரியாது. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஷரபுதீனுக்கு வேர்த்தது.

ஹுதா வேனுக்கு அருகில் வந்து நின்றாள். கடித்திருந்த துணி முனை இப்போது கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, ஒண்ணு சொல்லவா?"

"சொல்லு."

"பலகை வேணாம் மாமா. எனக்காக நீங்க சிரமப்பட வேணாம். நான் கே.எல். போயிடறேன். நான் வந்ததிலிருந்து உங்களுக்கு என்னால எதுவும் சரியா செய்ய முடியல. ஒரு டீகூடச் சரியா போட வரல. நான் இருக்கறது உங்களுக்குப் பிடிக்கலன்னு தெரியும். முன்னமே சொல்லியிருந்தா அந்த அறையை ஒழிச்சிருக்கவே வேணாம்."

குற்றம் சொல்லும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. அதுதான் அவரை அடித்தது.  கடையில் ஆயிரம் பேருக்கு ஆயிரம் பதில் சொன்னவர், இதற்கு லத்தீபாவைத்தான் தேடினார்.

போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். இடது காது சரியில்லாததால் அவர் போன் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் இருக்கும்.

"லத்தீபா! இந்தப் பிள்ளை கே.எல். போறேங்குது!"

"அவகிட்ட நீங்க என்னா சொன்னீங்க?"

"அவகிட்ட ஒண்ணும் சொல்லல. பலகையைத்தான் சொன்னேன்."

"பலகையை என்னா சொன்னீங்க?"

"எப்பவும் சொல்றதுதான்."

மறுமுனையில் ஒரு பாத்திரம் 'ணங்' என்று கீழே வைக்கப்பட்டது.

"இந்தாங்க, கேளுங்க. வாங்கப் போற சரக்கைத்தான் குறை சொல்லணும். வீட்டுக்கு வந்து சேர்ந்துட்ட பிள்ளையை இன்னும் எதுக்கு விலை பேசிக்கிட்டு இருக்கீங்க? அவ போடுற டீயைக் குடிச்சிட்டு டம்ளரை நக்காத குறையா வைக்கிறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? கழுவுறது நானு!"

போன் அணைந்தது.

ஹுதா செம்பனை மரங்களைப் பார்த்தாள். ஷரபுதீன் தன் செருப்பைப் பார்த்தார். அப்போது கொட்டகைக்குள்ளே மின்ரம்பம் 'ர்ர்ர்' என்று உயிர் பெற்றது.

"தம்பீ! நிறுத்துலா!"

இவ்வளவு வேகமாக ஓடி யாரும் அவரைப் பார்த்ததில்லை, போன வருஷம் நெஞ்சடைப்பு வந்த பிறகு நிச்சயமாக இல்லை. ரம்பத்துக்கும் மூலைக்கும் நடுவில் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். பாஸ்கல் பதறி ரம்பத்தை நிறுத்தினார்.

"என்னாண்ணே இது, கை போயிருக்குமே!"

"போகட்டும். தம்பி, நான் சொன்னது எல்லாம் பொய்."

"எதுண்ணே?"

"எல்லாமே."

ஷரபுதீன் பலகையின் பக்கம் திரும்பினார். முதல் முறையாகக் கைகளை முதுகிலிருந்து எடுத்து அதன் மேல் வைத்தார்.

"மாஷா அல்லாஹ்" என்றார்.

அந்தச் சொல்லை அவர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார், மழைக்குச் சொல்லியிருக்கிறார். முழுக் காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு சரக்கைப் பார்த்துச் சொன்னது இதுதான் முதல் தடவை. பழக்கமில்லாத வேலை.

"இந்த முடிச்சு இருக்கே, பார்த்ததும் எனக்கு மயில் கண்ணு மாதிரி இருந்துச்சு. நடுவுல ஓடுற கறுப்பை எங்கயும் உடையாம இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் கொண்டுபோயிருக்கே. ரெண்டு துண்டை ஒட்டி ஒரே பலகையா ஆக்குனேன்னு போன வாரம் சொன்னியே, எங்க ஒட்டுனேன்னு உள்ள வந்ததுல இருந்து தேடுறேன், கண்டுபிடிக்க முடியல. எங்க வீட்டுச் சுவரு கோணல். கோணலுக்குக் கோணலா எவன் இப்படி வெட்டுவான்? அப்புறம் இந்த ஓரம்..."

முன் ஓரத்தைத் தடவினார்.

"நான் சொன்னபடி உருட்டியிருக்கே. எங்க மருமக கை நாளெல்லாம் கிடக்கற இடம் இது. போன வருஷம் எனக்கு நெஞ்சடைப்பு வந்தப்ப, ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில வெச்சு வேலையும் பார்த்துக்கிட்டு என்னையும் பார்த்துக்கிட்டது அந்தப் பிள்ளைதான். கண்ணு முழிச்சுப் பார்த்தா, அது கையில அந்தப் பெட்டி ஓரம் அழுத்தி ஒரு கோடு, செவப்பா. அன்னிக்கே நினைச்சேன், இந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல மேசை போட்டுக் குடுக்கணும்னு. ஓரம் கையை அறுக்காத மேசை."

வாசலில் நின்ற ஹுதாவின் தோளை எல்ஸி தொட்டார்.

"இந்த ஓரத்தைச் சொல்றதுக்குன்னே போன வாரம் தனியா வந்தாரும்மா" என்றார் மெதுவாக. "வந்து உட்கார்ந்தாரு, போகவே இல்ல. உன்னைப் பத்தித்தான் பேச்சு. நீ போடுற டீ அவரு கடை டீயை விட நல்லா இருக்குமாமே?"

"டீயா? என் டீயா அக்கா?"

"யாருகிட்டயும் சொல்லாதீங்க, கடைக்குக் கெட்ட பேரு வந்துடும்னு வேற சொன்னாரு."

ஹுதா பாகான் செராய்க்காரி. முகத்தில் கதவு கிடையாது. எல்லாம் வெளியே தெரிந்தது. எல்ஸி எடுத்து நீட்டிய டிஷ்யூவை வாங்கிக்கொண்டாள்.

பாஸ்கல் ரம்பத்தின் வயரைச் சுற்றி வைத்தார்.

"அண்ணே, நான் தோட்டத்துல வளர்ந்தவன். எங்க பக்கம் நல்லா இருந்தா நல்லா இருக்கும்பாங்க, இல்லன்னா இல்லம்பாங்க. நீங்க சொன்னதைக் கேட்டு எனக்கு மனசே விட்டுப்போச்சு. டவுக்கேக்கு வேற பலகை அறுத்துத் தரேன்னு சொல்லிடறேன். நீங்க இப்படி மனசு விட்டுச் சொன்னதுக்கு நானே வந்து மாட்டித் தரேன். மாட்டுற கூலி வேணாம்."

ஷரபுதீன் திகைத்துப்போனார்.

"என்னாது? புகழ்ந்தா குறையுமா?"

"குறையும்ணே."

அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க வாங்கிய கம்பளங்களும் ஆடுகளும் அரிசியும் கண்முன் வரிசையாக வந்து போயிருக்க வேண்டும்.

"கூலி வேணாம்னா நான் பலகையைத் தொட மாட்டேன்" என்றார் கடைசியில்.

"கூலி குடுத்தா நான் வேன்ல ஏறமாட்டேன்."

வாங்குபவர் விலையை ஏற்ற, விற்பவர் இறக்க, இப்படி ஒரு தலைகீழ்ப் பேரத்தை அந்தக் கொட்டகை கண்டிருக்காது. எல்ஸிதான் நடுவர். கூலிக்குப் பதிலாகப் பாஸ்கல், எல்ஸி இரண்டு பேருக்கும் கடையில் மத்தியானச் சாப்பாடு, கூடவே வீட்டுக்கு ஒரு கட்டுச்சோறு என்று தீர்ப்பானது.

ஈப்போவில் இன்னொரு கூத்து காத்திருந்தது. பலகை மாடிப்படியில் திரும்பவில்லை. முன்னறை ஜன்னல் வழியாகக் கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும். உடனே ஐந்தடி நடைபாதையில் போன எல்லாரும் பொறியியல் வல்லுநர்கள் ஆகிவிட்டார்கள். எதிர்த்த மருந்துக் கடைக்காரர் கன்டோனீஸில் ஒரு யோசனை சொன்னார், பார்க்கிங் சீட்டு எழுதும் பெண் சீட்டு எழுதுவதை விட்டுவிட்டு மலாயில் ஒரு யோசனை சொன்னாள், பிராட்டா மாஸ்டர் மாவுக் கையோடு வந்து தமிழில் எல்லாரையும் திட்டினார். மேலே பாஸ்கல். கீழே தாங்கிப் பிடித்தவர்களில் ஷரபுதீன், லத்தீபா எவ்வளவு சத்தம் போட்டும் கேட்காமல்.

"நெஞ்சடைப்பு வந்த ஆளு! விடுங்களேன்!"

"என் சரக்குலா இது! நான்தான் தூக்குவேன்!"

பலகை ஜன்னலுக்குள் நுழைந்தது. தாங்கிகளின் மேல் வைத்துப் பாஸ்கல் உள்ளங்கையால் தள்ளினார். கோணல் ஓரம் கோணல் சுவரில் போய் ஒட்டியது. மூலை தூணைத் தேடிப் போய்க் கட்டிக்கொண்டது. நடுவில் ஒரு காகிதம் நுழையாது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் லத்தீபா. பாஸ்கல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். தூணும் பலகையும் இரண்டையும் ஏற்றுக்கொண்டன.

திருகுகளை முடுக்கிவிட்டுப் பாஸ்கலும் எல்ஸியும் கீழே சாப்பிடப் போனார்கள். லத்தீபா பரிமாறப் போனார். ஹுதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழங்கை வரை இரண்டு கைகளையும் பலகையின் மேல் நீட்டினாள். ஓரம் கையை அறுக்கவில்லை. அப்படியே தலையையும் சாய்த்துக் கன்னத்தை மரத்தில் வைத்தாள். எண்ணெய் வாசனை. கீழே பிராட்டா தட்டும் சத்தம் பலகை வழியாகவே காதுக்கு வந்தது.

கதவருகில் செருமல் கேட்டது. ஷரபுதீன் நின்றிருந்தார். கையில் டீ. கடை டீ, அவரே இழுத்து ஆற்றியது. நுரை டம்ளரைத் தாண்டி நின்றது.

"நாற்காலி சரியில்ல" என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "முதுகு வலிக்கும். பார்க்கணும்."

"சரி மாமா."

டம்ளரைப் பலகையில் வைக்கப் போனவர், சட்டென்று நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மடித்துப் போட்டு, அதன் மேல் வைத்தார். இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. காலையில் ஒரு பலகையிடம் சொல்ல முடிந்தது, இப்போது ஒரு பிள்ளையிடம் சொல்ல முடியவில்லை. கைகள் தாமாக முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

ஹுதா டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்னா மாமா இது? டீயா, மங்கு கழுவுன தண்ணியா?"

ஷரபுதீன் நிமிர்ந்தார்.

அவள் அவரைப் பார்த்தபடியே குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். அடியில் கிடந்த சீனி வரைக்கும் டம்ளரைச் சாய்த்துக் குடித்து, கவிழ்த்துக் காட்டி, கைக்குட்டையின் மேல் வைத்தாள்.

அவருடைய வாய் ஓரம் ஆடியது. இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. அந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பல நாளாகியிருந்தது. கீழே பரிமாறிக்கொண்டிருந்த லத்தீபா கரண்டியோடு மேலே பார்த்தார்.

"திங்கக்கிழமை அந்த ஆபீஸ்காரங்க கேட்டா" என்றார் ஷரபுதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க மாமா போட்டுக் குடுத்த மேசைன்னு சொல்லு. நல்லா இருக்குன்னும் சொல்லு. அவங்க என்னா விலையா குறைக்கப் போறாங்க?"

அப்போதுதான் அவர் பையில் இருந்த போன் அடித்தது. எடுத்தார். ஒலிபெருக்கியில் பஸ் நிலையத்து இரைச்சல், அதற்கு நடுவில் மகளின் குரல்.

"அத்தா, நான்தான் ஹஃபீஸா. தெலுக் இந்தான் பஸ் ஸ்டாண்டுல இருக்கேன். வாரேன் அத்தா. பெட்டியோட வாரேன்."

"என்னாம்மா? மாப்பிள்ளை வரலையா?"

"வந்து சொல்றேன். அவருகிட்ட எதுவும் கேட்காதீங்க." ஒரு பஸ் உறுமிப் போனது. "என் ரூம் அப்படியேதானே அத்தா இருக்கு?"

ஷரபுதீன் அறையைப் பார்த்தார். கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தார். சுவருக்குச் சுவர், திருகி முடுக்கிய பலகையைப் பார்த்தார். அதன் மேல் கையை வைத்தபடி மூச்சு விடாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்தார்.

"நீ வாம்மா, நீ வா" என்றார். குரல் தானாகக் கல்லாவுக்குப் போய்விட்டது. "இன்னிக்குக் கோழி ரொம்ப நல்லா இருக்கு."

"மீன் தீர்ந்துபோச்சா அத்தா?" என்றது மறுமுனை. ஹஃபீஸாவும் அந்தக் கடையில் வளர்ந்தவள்தான்.